குழந்தையின் கையும் கணக்கும்

கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆய்வுக்காகச் சென்றுவரும் எங்களைப் போன்ற அலுவலர்கள், பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அங்கத்தினர்களின் கணக்குப் புத்தகங்களையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது கடமை. சங்கத்திலிருந்து பெற்ற பாவு எவ்வளவு, ஊடை நூலின் எடை எவ்வளவு, கொடுத்த துணியின் எடை எவ்வளவு, கழிவு போக வரவேண்டிய கூலி எவ்வளவு என்பனவற்றை அங்கத்தினரிடமே கேட்டால், பலர் சொல்லும் விடை ஒன்றேதான்: "எழுதினவர்களுக்குத்தானே தெரியும், ஐயா? நாங்கள் என்னத்தைக் கண்டோம்?"

இவ்விடையைச் சொல்பவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். ஆயிரக்கணக்கான இழைகளில் ஓர் இழை அறுந்தாலும் கண்ணால் கண்டு, கையால் முடிபவர் அவர். நூலின் நம்பரை விரலால் தடவியே சொல்லக்கூடியவர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். ஆகவே 60-ஆம் நம்பர் நூலை இனம் காண்பவரின் விரல் நுனியில் ஒரு பெரிய வகுத்தற் கணக்கே அடங்கியிருக்கிறது. ஆயினும் அக்கணக்கு தாளில் எழுதப்பட்டவுடன் அவருக்கு அந்நியமாகிவிடுகிறது. கைக்கும் ஏட்டுக்கும் இடையே ஒரு பாலம் அவருடைய இளமையிலேயே கட்டப்படாமற் போனதே இதற்குக் காரணம்.

இக்குறை அவரோடு ஒழிய வேண்டும். அவருடைய பிள்ளைகளைத் தொடரக்கூடாது. அப்பாலத்தை எங்ஙனம் கட்டலாம், அதுவும் செலவின்றி, நம் வீட்டிலும் கழனியிலும் கிடக்கும் பொருள்களைக் கொண்டே எங்ஙனம் கட்டலாம் என்பதை அங்கத்தினர்களுக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டுறவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"குழந்தைக் கல்வி பள்ளிக்கூடத்தின் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன?" என்று சிலர் வினவலாம். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிச் சிறு கடை ஒன்றைத் தொடங்கினர். உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டியாக விளங்கும் அம்முன்னோடிகளுள் பலர் நெசவாளர்களே. வறுமையில் உழன்ற அவர்கள், கடை தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே லாபத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கினர். நூல்நிலையமும் படிப்பகமும் அமைத்தனர். கேள்வி கேட்கத் தெரியாத அங்கத்தினர்களைக் கொண்ட சங்கம் நெடுநாள் நிலைக்காது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது நம் கொள்கை. அவ்வாக்குக்கு உரியவர் கணக்கறிந்தவராகவும் இருந்தால்தான் அக்கொள்கைக்கு உயிர் உண்டு. கணக்கறிவின் வித்து மூன்று வயது முதல் எட்டு வயதுக்குள் ஊன்றப்படுகிறது.

அறிஞர் கண்ட வழி

இளங்குழந்தை காதால் மட்டும் கேட்டுக் கற்பதில்லை; கையால் தொட்டு, எடுத்து, அடுக்கி, கலைத்துக் கற்கிறது. இதனை அறிஞர் பலர் பல நாடுகளில் கண்டு கூறியுள்ளனர். 1837-இல் ஜெர்மனியில் குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல் என்பார், மரக்கட்டைகள், பந்துகள் ஆகியவற்றோடு, வண்ணத்தாள் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பாய் பின்னுவதையும் பாடமாக வைத்தார். நெசவு உலகின் முதற் குழந்தைப் பள்ளியிலேயே இடம்பெற்றது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

1907-இல் ரோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றில் சிந்தாமல் ஊற்றுதல், பொத்தான் மாட்டுதல், பருமனுக்கேற்பக் கட்டைகளை அடுக்குதல் என அன்றாடச் செயல்களே அங்குப் பாடங்களாயின. இவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நம் மாநிலத்துக்குரிய சிறப்பு. குஜராத்தில் கிஜுபாய் பதேகா, 1920-இல் பாவ்நகரில் பாலர் பள்ளி அமைத்து, கதை, விளையாட்டு, கைவேலை ஆகியவற்றின் வாயிலாகக் கற்பித்துக் காட்டினார்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இவ்வழி புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை 2007-2008-இல் மாநிலம் முழுவதும் பரவியது. 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் வந்தது. பள்ளியில் பாடலும் ஆடலும் அட்டைகளும் வந்துவிட்டன. எனினும் பள்ளி முடிந்து வீடு திரும்பிய குழந்தையை, "சும்மா விளையாடாதே, உட்கார்ந்து படி" என்று அதட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விளையாட்டு வினையாகும் என்று அச்சுறுத்துவதற்காகச் சொல்கிறோம். வினை என்பதற்குச் செயல் என்றும் பொருள் உண்டு. அப்பொருளில் பார்த்தால் அப்பழமொழி குழந்தைக் கல்வியின் இலக்கணமே ஆகிவிடுகிறது.

ஓர் ஐயம், அதற்கு விடை

இவ்விடத்தில் அங்கத்தினர் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். அது நியாயமான ஐயமே. "நெசவாளி மகனுக்கு நெசவும், உழவன் மகனுக்கு உழவும் கற்பிக்கச் சொல்கிறீர்களா? எங்கள் பிள்ளைகள் தறிக்குழியை விட்டு ஏறவே கூடாதா?" என்பதே அது.

இந்த ஐயத்துக்கு வரலாறு உண்டு. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது; பிறப்பைப் பார்த்துத் தொழிலை வகுத்ததன்று. ஆனால் 1953-இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட வேறொரு திட்டம், கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. தந்தையின் தொழிலிலேயே மகனைக் கட்டிப்போடும் குலக்கல்வி என்று மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர்; 1954-இல் அது கைவிடப்பட்டது.

ஆகவே ஒன்றைத் திட்டவட்டமாகக் கூறிவிட விரும்புகிறேன். தந்தையின் தொழிலைக் குழந்தைக்குக் கற்பித்தல் வேறு. தந்தையின் கருவிகளைக் கொண்டு குழந்தைக்கு எண்ணும் எழுத்தும் சிந்தனையும் கற்பித்தல் வேறு. முன்னது குழந்தையைத் தறியோடு கட்டுகிறது. பின்னது, தறியடியில் தொடங்கி அது விரும்பும் இடத்துக்குச் செல்ல வழி திறக்கிறது. நாம் வேண்டுவது பின்னதையே.

இரண்டையும் பிரித்தறிய நான்கு வினாக்கள் போதும். குழந்தை விரும்பியபோது அதனை நிறுத்திவிட்டு எழுந்து போகலாமா? குழந்தை செய்த பொருள் விற்பனைக்கோ கூலிக்கோ போகாமல் இருக்கிறதா? தவறாகச் செய்து, கலைத்து, மீண்டும் செய்ய அதற்கு உரிமை உண்டா? பள்ளிக்கும் உறக்கத்துக்கும் ஊறு நேராமல் இருக்கிறதா? நான்குக்கும் "ஆம்" என்பது விடையானால் அது விளையாட்டு, அதுவே கல்வி. ஒன்றுக்கேனும் "இல்லை" என்றால் அது வேலை. 14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் எல்லாத் தொழில்களிலும் தடுக்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத்தாருக்கு உதவலாம் என்னும் விலக்கும் ஆபத்தான தொழில்களுக்குப் பொருந்தாது. தார் சுற்ற ஆள் இல்லை என்பதற்காகக் குழந்தையின் மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வது, சட்டம் ஒருபுறம் இருக்க, நம் பிள்ளையின் நாளைய கூலியை நாமே இன்று குறைப்பதாகும்.

இனி, செயல்களுக்கு வருவோம்.

கழிவு நூலில் மொழிப்பாடம்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு முதல் விளையாட்டு, வகை பிரித்தலே. தறியடியில் சேரும் கழிவு நூல் துண்டுகளை ஒரு முறத்தில் இட்டு, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதே நூலை நீளத்தின்படி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துத் தடித்தது எது, மெல்லியது எது, பட்டு எது, பருத்தி எது என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

இதில் கை மட்டும் வேலை செய்தால் போதாது. அருகிலிருப்பவர் பேச வேண்டும்; குழந்தையையும் பேச வைக்க வேண்டும். "இது அதைவிட நீளம்", "இது எல்லாவற்றிலும் குட்டை", "இரண்டும் ஒரே அளவு" என்னும் சொற்றொடர்கள் வாயில் வந்துவிட்டால், பிற்காலத்தில் பெரியது, சிறியது, சமம் என்னும் கணக்குப் பாடம் எளிதில் விளங்கும். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று நம் வீடுகளில் வழங்கும் நிறப்பெயர்களைப் பாடநூலில் தேட முடியுமா?

அட்டைத் தறியில் ஒற்றையும் இரட்டையும்

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்குப் பழைய அட்டை ஒன்று போதும். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் விரலகல இடைவெளியில் எட்டு வெட்டுகள் இட்டு, தடித்த நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் எட்டு இழைப் பாவு ஆயத்தமாகிவிடும். பழைய சேலையின் கிழிசல் பட்டைகளே ஊடை.

முதல் வரியில் ஒன்றாம் இழைக்கு மேலே, இரண்டாம் இழைக்குக் கீழே என்று பட்டை செல்லட்டும். இரண்டாம் வரியை எப்படிக் கோக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். குழந்தை முதல் வரியைப் போலவே இரண்டாம் வரியையும் கோத்தால், இரு பட்டைகளும் ஒன்றாகச் சேர்ந்து சரியும், துணி உருவாகாது. "ஏன் சரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று முறை முயன்றபின் குழந்தை தானே கண்டுபிடிக்கும்: போன வரியில் மேலே போன இடத்தில் இந்த வரியில் கீழே போக வேண்டும். அன்று தந்தையின் தறியடிக்கு அழைத்துச் சென்று, ஒரு மிதியை அழுத்தினால் ஒற்றை இழைகளும், மறுமிதியை அழுத்தினால் இரட்டை இழைகளும் எழுவதைத் தொலைவில் நின்று பார்க்கச் செய்யுங்கள். ஒற்றை எண், இரட்டை எண் என்பதை அக்குழந்தை இனி எக்காலத்தும் மறவாது.

கட்டமும் ஜக்கார்டு அட்டையும்

ஏழு, எட்டு வயதுக் குழந்தைகள் இருவர் கிடைத்தால் இவ்விளையாட்டை ஆடலாம். சிலேட்டில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் போட்டு, முதற் குழந்தை சில கட்டங்களை நிரப்பி ஒரு பூவோ மாங்காயோ வரையட்டும். பிறகு வரி வரியாக, நிரப்பிய கட்டத்துக்கு "ஒன்று" என்றும், வெற்றுக் கட்டத்துக்குச் "சுன்னம்" என்றும் படிக்கட்டும். படத்தைப் பார்க்காத இரண்டாம் குழந்தை, செவியால் கேட்டே தன் சிலேட்டில் கட்டங்களை நிரப்பட்டும். முடிவில் இரு சிலேட்டுகளையும் அருகருகே வைத்தால் ஒரே பூ மலர்ந்திருக்கும். எங்கேனும் மாறியிருந்தால், பிழை எந்த வரியில், எந்தக் கட்டத்தில் என்று இருவரும் தேடட்டும். தணிக்கை என்பது இதுவன்றி வேறென்ன?

நம் சேலைகளில் புட்டாவும் பூவும் எழுவது இம்முறையிலேதான். அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய இழை எழும்பும். துளை இல்லையேல் எழும்பாது. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சின் லியான் நகரத்து ஜக்கார்டு என்பவர் இக்கருவியை உருவாக்கினார். 1839-இல் அவருடைய உருவத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தனர். அப்படத்தின் பிரதி ஒன்றை வைத்திருந்த ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், தம் கணிப்பொறித் திட்டத்துக்கு அத்துளை அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். கணினி என்றால் தமக்கு எட்டாதது என்று எண்ணும் நெசவாளர், அதன் மூதாதை தம் தறியின் தலைமேல் அமர்ந்திருப்பதைக் குழந்தைக்குக் காட்டலாம்.

படியும் உழக்கும்

உழவர் வீட்டுக் குழந்தைக்கு மணலும் நீரும் முகத்தலளவைகளும் போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. நம் முன்னோர் அளவை ஒவ்வொரு படியிலும் இரட்டித்துச் செல்வதைக் கவனியுங்கள். பரணில் கிடக்கும் ஆழாக்கையும் படியையும் இறக்கிக் கொடுத்து, "எத்தனை ஆழாக்கு மணல் கொட்டினால் படி நிறையும்?" என்று கேட்டால், குழந்தை கொட்டிக் கொட்டி எட்டு என்று காணும். பாதி, கால், அரைக்கால் என்பவை அப்பொழுது வெறும் சொற்களாக இரா.

பிறகு ஒரு லிட்டர்ப் புட்டியைக் கொடுத்து, படியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் படி மாறுபட்டதால் வாங்குவோரும் விற்போரும் பட்ட தொல்லையையும், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை நாடு முழுவதும் வந்ததையும் கதையாகச் சொல்லலாம். பொது அளவை இல்லாத இடத்தில் ஏமாறுபவர் பெரும்பாலும் உற்பத்தியாளரே என்பதை உழவர்கள் அறிவர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அகன்ற கிண்ணத்து நீரைக் குறுகி உயர்ந்த குவளையில் ஊற்றினால், ஐந்து வயதுக் குழந்தை, "இப்போது தண்ணீர் அதிகம்" என்று சொல்லக்கூடும். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் பியாஜே இதனை ஆராய்ந்து, அது மந்தபுத்தியின் அடையாளமன்று, அவ்வயதின் இயல்பு என்று காட்டினார். ஆகவே கோபிக்க வேண்டாம். மீண்டும் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். காலம் வரும்போது அறிவு தானே தெளியும்.

நூறு நெல்லும் நூற்றுக்கணக்கும்

விதைப்புக்கு முன் முளைப்புத்திறன் பார்ப்பது நல்ல உழவர் வழக்கம். இவ்வேலையைக் குழந்தையின் கண்ணெதிரே, குழந்தையின் கணக்காகவே செய்யுங்கள். ஈரத்துணியில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை நெல்லைப் பரப்பச் சொல்லுங்கள். பத்துப் பத்தாக எண்ணி நூறு என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கிறது. துணியைச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைத்து, நாள்தோறும் பிரித்துப் பார்த்து, முளைத்தவற்றை எண்ணிச் சுவரில் கரிக்கோடு போட்டு வரட்டும். நெல்லுக்கு 14-ஆம் நாள் இறுதி எண்ணிக்கை. 87 முளைத்தால் நூற்றுக்கு 87. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்த அளவாக 80 விழுக்காடு விதிக்கப்பட்டுள்ளது என்று சொல்லி, "நம் விதை தேறியதா?" என்று கேளுங்கள். சதவீதத்தைக் கண்டு அஞ்சும் மாணவனாக அக்குழந்தை ஒருபோதும் வளராது. வட்டி விகிதத்தைக் கண்டு அஞ்சும் அங்கத்தினனாகவும் ஆகாது.

உப்பு நீரில் முட்டையை மிதக்கவிட்டு விதை தேர்ந்தெடுக்கும் முறையையும் காட்டலாம். வெறும் நீரில் மூழ்கிய முட்டை, உப்பைக் கரைக்கக் கரைக்க மேலெழுந்து வருவதும், அந்நீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதந்து திரட்சியான மணி மூழ்குவதும் குழந்தைக்குக் கண்கட்டு வித்தைபோல் தோன்றும். "ஏன்?" என்று அது கேட்டால் விடை தெரியாவிட்டாலும் கவலையில்லை, "ஆசிரியரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்" என்று அனுப்புங்கள். வீட்டில் பிறந்த கேள்வி பள்ளிக்குப் போவது நல்ல அறிகுறி.

வாசலில் வடிவக் கணிதம்

கோலத்தை வெறும் அழகுக்கென்று எண்ண வேண்டாம். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வைத்தால் 25 புள்ளிகள். நடு வரிசையில் ஐந்து வைத்து, மேலும் கீழும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஊடுபுள்ளி வைத்துக்கொண்டே போனால் எத்தனை? குழந்தையை எண்ணச் சொல்லுங்கள். அதுவும் 25. ஏழு வைத்துத் தொடங்கினால் இருவகையிலும் 49. ஏன் இவ்வாறு வருகிறது என்று வியப்பதே கணிதத்தின் வாசற்படி. சென்னையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய அறிஞர்கள் கோலத்தின் அமைப்பைக் கணினி இலக்கணத்தோடு இணைத்து 1974-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். பெண்டிர் விடியற்காலையில் தினந்தோறும் செய்வது ஆராய்ச்சிக்குரிய அறிவுச் செயல் என்று உலகம் அறிந்துகொண்டது. ஆண் குழந்தைகளையும் கோலமிட விடுங்கள்.

பல்லாங்குழிக்கும் இவ்வாறே. பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாக இட்டால் 70 காய்கள். ஆட்டம் முடிந்தபின் இருவர் கையிலுள்ளதையும் கூட்டினால் அதே 70 வர வேண்டும். வரவும் இருப்பும் ஒத்துப்போக வேண்டும் என்னும் கணக்கியல் விதி இதுவே.

சொன்னதை எழுதுதல்

இச்செயல்கள் எல்லாவற்றுக்கும் முடிவாக ஒன்று செய்ய வேண்டும். குழந்தை என்ன செய்தது என்பதை அதன் வாயாலேயே சொல்லச் செய்து, வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவர், அண்ணனோ அக்காவோ, அச்சொற்களை அப்படியே பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும். "நான் நூறு நெல் எண்ணினேன். நேற்று நான்கு முளைத்தது." இது குழந்தையின் சொந்த வாக்கியம். தான் சொன்னதே எழுத்தாகச் சுவரில் இருப்பதைக் கண்ட குழந்தை, அதனை விரல் வைத்துப் படிக்கும். எழுத்து என்பது பிறர் சொன்னதைச் சுமப்பதன்று, தான் சொல்ல விரும்புவதை நிறுத்தி வைப்பது என்று அப்போது அது உணர்கிறது.

தவிர்க்க வேண்டுவன

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயில் இடும். ஆகவே விதை, மணி, காய் முதலிய சிறு பொருள்களை அதன் கையில் கொடுக்கலாகாது. நூலும் கழுத்தைச் சுற்றிக்கொள்ளக்கூடும். பெரியவர் அருகிலிருந்தே விளையாட வைக்க வேண்டும். நீர் விளையாட்டில் இது இன்னும் முக்கியம். குன்றிமணி கண்ணுக்கு அழகாயினும் கொடிய நஞ்சுடையது. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். ஆமணக்கு, அரளி, ஊமத்தை விதைகளும் வேண்டா. மருந்து கலந்த நிறமிட்ட விதைகளையும், பூச்சிமருந்துப் புட்டிகளையும், சாயப்பொடியையும் குழந்தை தொடவே கூடாது. ஓடும் விசைத்தறிக்கு அருகே குழந்தையை நிறுத்தாதீர்கள்.

சங்கம் செய்யக்கூடியவை

இறுதியாக, நிர்வாகக் குழுவினருக்குச் சில யோசனைகள். சங்க அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்து, கழிவு நூல், பழைய ஜக்கார்டு அட்டை, வெற்றுக் கூம்புகள், உடைந்த தார்க்குச்சிகளில் கூர்மையற்றவை ஆகியவற்றைச் சேகரித்து, மாதம் ஒருமுறை அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் கொடுக்கலாம். தலைமையாசிரியர் இசைந்தால், அங்கத்தினர் ஒருவர் ஒரு மணி நேரம் பள்ளிக்குச் சென்று அட்டைத் தறியோ விதை எண்ணிக்கையோ நடத்தலாம். ஆசிரியருக்கு உதவியாயிற்று, தன் தந்தை பள்ளியில் ஆசானாக நிற்பதைக் காணும் குழந்தைக்கு அது பெருமையுமாயிற்று. சிறு செலவு ஏற்படின், துணைவிதிகள் இடம் தரும் அளவுக்குப் பொதுநல நிதியிலிருந்து குழுத் தீர்மானத்தின் பேரில் செய்யலாம்.

ஆண்டுதோறும் அனைத்திந்தியக் கூட்டுறவு வாரம் நவம்பர் 14-இல் தொடங்குகிறது. குழந்தைகள் தினமும் அதுவே. கொடியேற்றி உறுதிமொழி எடுத்தபின், அன்றைய பகற்பொழுதை இளஞ்சிறார்க்கு ஒதுக்கி, அவர்கள் பின்னிய சிறு பாய்களையும், வரைந்த கட்டங்களையும், முளைப்புக் கணக்குகளையும் சங்கக் கூடத்தில் பார்வைக்கு வையுங்கள். பரிசு ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவரை வாடவிட வேண்டாம். எல்லாருக்கும் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டிப் பல்பமும் கொடுத்தால் போதும்.

கண்காட்சியைக் காண வரும் பெற்றோர் தம் கணக்குப் புத்தகத்தையும் உடன் கொண்டு வரட்டும். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளை அருகில் அமர்த்தி, கடைசிப் பக்கத்து வரவையும் பற்றையும் உரக்கப் படிக்கச் சொல்லி, கூட்டிப் பார்க்கட்டும். தொகை ஒத்துவந்தால் மகிழ்ச்சி. ஒத்துவராவிட்டால், காரியதரிசியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, விடை சொல்வது அவர் கடமை.